ஆறு நிமிடத்துக்கு ஒரு தடவை

எட்டு முப்பத்தொன்றுக்கு வண்டி நின்றது.

திடுதிப்பென்று நிற்கவில்லை. முதலில் மின்விசிறிகளின் இரைச்சல் அடங்கியது. பிறகு சக்கரங்களின் தாளம் தளர்ந்தது. பன்னிரண்டு பெட்டிகளும், உள்ளே இருந்த தொள்ளாயிரம் பேரும், பாலத்துக்கு முந்தைய ஏற்றத்தில் ஓய்ந்துபோனார்கள். வெளியே தூறல்.

கடைசிப் பெட்டியின் பின்கோடியில் கார்டின் கேபின். அவள் மணியைப் பார்த்தாள். ஏற்றத்தில் வண்டி நின்றால் கார்டு செய்யவேண்டிய முதல் வேலை கை பிரேக்கைக் கட்டுவது. இரும்புச் சக்கரத்தைப் பதினொரு சுற்று சுற்றி இறுக்கினாள். பிறகு மழைக்கோட்டைக் கழற்றி அதன் மேலேயே மாட்டினாள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி நின்றதில் கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது. வேறு எங்கே மாட்டுவது? கேபினில் கொக்கி கிடையாது. கொக்கி கேட்டு கார்டுகள் எழுதிக் கொடுத்த மனுக்கள் மட்டும் ஓர் அலமாரி நிறைய இருக்கும்.

வாக்கி-டாக்கி கரகரத்தது. முன்கோடியிலிருந்து டிரைவர்.

"தங்கச்சி, மெயின் சுவிட்ச் நிக்கல. போட்டா விழுந்துடுது. மூணு தடவை பார்த்துட்டேன்."

"சரியாகுமாண்ணே?"

"ஒரு அஞ்சு நிமிஷம் கொடு."

அவளுக்குப் பயம் வந்தது. கோளாறை நினைத்து அல்ல. அந்த அஞ்சு நிமிஷத்தை நினைத்து.

ரயில்காரர்களின் அஞ்சு நிமிஷம் எந்தக் கடிகாரத்திலும் கிடையாது. இருபதாகவும் இருக்கும், எழுபதாகவும் இருக்கும். கன்ட்ரோல் அறையில் இந்தப் பாதையைக் கவனிக்கும் கன்ட்ரோலருக்குப் பட்டப்பெயரே 'அஞ்சு நிமிஷம்'தான். அவர் ரிட்டயராக இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்கிறது என்று ஓய்வறையில் பத்து வருஷமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

போன மாதமும் ஒரு வண்டி இப்படி நின்றது. அன்றைக்கும் அவள்தான் கார்டு. கேபினில், பயணிகளிடம் பேசும் மைக்குக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான் உண்டு. அமுக்கினால் பதிவுசெய்த குரல் வரும். 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக வண்டி ஐந்து நிமிடம் நிற்கும். சிரமத்துக்கு வருந்துகிறோம்.' தேனில் தோய்த்த குரல். பதினான்கு தடவை அமுக்கினாள். இருபத்திரண்டாவது நிமிடம் யாரோ அவசரக் கதவைத் திறந்தார்கள். ஒருவர் குதித்தார். பின்னாலேயே நாற்பது பேர். தண்டவாளத்தில் ஆள் நடந்தால் பக்கத்துப் பாதைகளையும் நிறுத்தியாக வேண்டும். நாலு பாதையிலும் மின்சாரத்தை எடுத்தார்கள். பதினேழு வண்டிகள் அங்கங்கே நின்றன. அன்று பாதி நகரம் வேலைக்கு நடந்தே போனது.

மேலதிகாரி மெமோவைக் கையில் கொடுத்தபோது குரலை உயர்த்தக்கூட இல்லை. "இன்னொரு தடவை ஒரே ஒரு கால் கீழ பட்டாலும், நீங்க பார்சல் ஆபீஸ்ல உக்காந்து மூட்டை எண்ண வேண்டியதுதாம்மா."

வேலை போகாது. வண்டிதான் போகும். ஒன்பது வருஷம் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு பரீட்சை எழுதி, அவள் வந்து சேர்ந்த கேபின் இது. ஆறடிக்கு எட்டடி. விடமுடியாது.

கை பச்சைப் பொத்தானுக்குப் போனது. பாதியில் நின்றது.

வீட்டில் அவளுடைய ஆறு வயது மகள் புதிதாக மணி பார்க்கக் கற்றிருந்தாள். அதிலிருந்து யாருக்கும் நிம்மதி இல்லை. 'அஞ்சு நிமிஷத்துல வரேன்' என்று சொன்னால் நேராகக் கடிகாரத்துக்குக் கீழே போய் நிற்பாள். முள் தாண்டியதும் 'பொய்' என்பாள். அழுகை இல்லை, அடம் இல்லை. அந்த ஒரு சொல். கணவன்தான் ஒரு வழி கண்டான். "பெரிய முள்ளு எட்டுக்கு வந்ததும் அம்மா போன் பண்ணுவா. அவ வர்றது எப்பன்னு தெரியாது. போன் மட்டும் வரும்." போன் வந்தது. பெண் அடங்கினாள்.

எட்டு முப்பத்துநாலுக்கு அவள் மைக்கை எடுத்தாள்.

"நான் இந்த வண்டியோட கார்டு பேசறேன். பின்னாடி கேபின்ல இருக்கேன். வண்டி எட்டு முப்பத்தொண்ணுக்கு நின்னுது. கரன்ட் எடுக்க மாட்டேங்குது. டிரைவர் பார்த்துட்டிருக்கார். எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்குத் தெரியாது. ஆனா எட்டு நாற்பதுக்கு மறுபடி பேசுவேன். சேதி இருந்தாலும் பேசுவேன், இல்லாட்டியும் பேசுவேன். ஆறு நிமிஷத்துக்கு ஒரு தடவை. யாரும் இறங்காதீங்க. பக்கத்துப் பாதையில வண்டி ஓடிட்டிருக்கு."

கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு கதவு. அதில் கையகலத்துக்கு ஒரு சின்ன ஜன்னல். யாரோ தட்டினார்கள். திறந்தாள். தடித்த ஆள், தோளில் சாப்பாட்டுப் பை, நெற்றியில் வியர்வை.

"போன மாசமும் நீங்கதானே?"

"ஆமா."

"முதல்ல குதிச்சவன் நான். முட்டி வீங்கி ரெண்டு வாரம் படுத்துக் கெடந்தேன்."

"இன்னிக்குக் குதிக்காதீங்க."

"அன்னிக்கு அஞ்சு நிமிஷம். இன்னிக்கு ஆறா? வட்டி சேர்த்துட்டீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பாக இல்லை. அந்த ஆளின் கை அவசரக் கதவின் கைப்பிடிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"எட்டு நாற்பது," என்றாள். ஜன்னலை மூடினாள்.

அதற்குள் ஏதாவது சேதி வேண்டும். வாக்கியை எடுத்தாள்.

"அண்ணே, உதவி கேளுங்க."

"இரு தங்கச்சி. இன்னொரு தடவை போட்டுப் பார்க்கறேன்."

"எட்டு நிமிஷம் ஆச்சு. பத்து நிமிஷத்துல கேட்டே ஆகணும்னு விதி."

"கேட்டுட்டா அப்புறம் தானா சரியானாலும் அசையக் கூடாது. உதவி வண்டிக்காரன் வந்து பின்னாடி முட்டற வரைக்கும் கல்லு மாதிரி நிக்கணும். இருபத்தாறு வருஷத்துல என் வண்டியை எவனும் தள்ளினதில்ல, தெரியுமா?"

"இன்னிக்குத் தள்ளட்டும். மானம் போச்சுன்னா நான் பாதி எடுத்துக்கறேன். எட்டு நாற்பதுக்கு நான் மைக்ல ஏதாவது சொல்லியாகணும்ணே. எனக்கு ரெண்டு நிமிஷம்கூட இல்ல."



"உன் வாய்க்கு ஒரு பூட்டு போடணும்," என்றார் டிரைவர். ஆனால் உதவி கேட்டார்.

எட்டு நாற்பதுக்கு அவள் பேசினாள். நம்ம வண்டி தானா ஓடாது. இன்னொரு வண்டியை உதவிக்குக் கேட்டிருக்கோம். எந்த வண்டி, எப்ப வரும்னு எட்டு நாற்பத்தாறுக்குச் சொல்றேன்.

சொல்லிவிட்டாள். இனி அதைக் கன்ட்ரோலிடமிருந்து கறந்தாக வேண்டும்.

"ஏற்பாடு பண்ணிட்டிருக்கோம்மா," என்றார் கன்ட்ரோலர் போனில். "ஒரு அஞ்சு..."

"சார், அந்த வார்த்தை மட்டும் வேண்டாம். எந்த வண்டி? இப்ப எங்க நிக்குது? எட்டு நாற்பத்தாறுக்குச் சொல்றதா தொள்ளாயிரம் பேர்கிட்ட சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"யாரையும் கேட்கல."

மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அறை அது. பதினாறு திரைகள், நாலு போன்கள். எல்லாம் தெரியும் அவருக்கு. சொல்லித்தான் பழக்கமில்லை. யாரும் இப்படிக் கேட்டதும் இல்லை.

"பின்னாடி ஸ்டேஷன்ல அடுத்த வண்டி நிக்குது," என்றார், புதுப் பாஷை பேசுகிறவர் மாதிரி. "அதுல இருக்கறவங்களைப் பிளாட்பாரத்துல இறக்கணும். அதுக்குப் பத்து நிமிஷம். காலி வண்டி உங்ககிட்ட மெதுவா வந்து சேர எட்டு. கோர்க்க ஆறு. ஒன்பது எட்டு, ஒன்பது பத்துக்குத் தள்ள ஆரம்பிக்கலாம்."

"இதைத்தானே சார் கேட்டேன்."

"இதையெல்லாமா ஜனங்ககிட்ட சொல்வீங்க?"

"அப்படியே சொல்வேன்."

அப்படியே சொன்னாள். பெட்டிக்குள் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் அது கணக்குப் போடும் முணுமுணுப்பு. எத்தனை மணிக்கு ஆபீஸ் போகலாம், யாருக்குப் போன் பண்ணலாம். கணக்குப் போடுகிறவன் குதிக்கமாட்டான்.

எட்டு ஐம்பத்திரண்டுக்குப் புதுச் சேதி எதுவும் இல்லை. அதைச் சொன்னாள். "புதுசா ஒண்ணும் இல்ல. பின்வண்டியில இன்னும் ஆள் இறங்கிட்டிருக்காங்க. ஜன்னலுக்கு மேல ஒரு கம்பி இருக்கு. கீழ இழுத்தா காத்து வரும். நிக்க முடியாதவங்களுக்குக் கொஞ்சம் இடம் விடுங்க." பெட்டி பெட்டியாகக் கம்பிகள் இழுபடும் ஓசை கேட்டது.

ஜன்னல் மறுபடி தட்டப்பட்டது. அந்தச் சாப்பாட்டுப் பைக்காரர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எட்டு அம்பத்தெட்டுக்கு நீங்க பேசணும். ஒரு வினாடி தப்பினா இதைத் திறந்துடுவேன். சொல்லிட்டேன்."

"திறந்துக்கோங்க," என்றாள்.

எட்டு ஐம்பத்தேழு தாண்டி நாற்பதாவது வினாடியில் கன்ட்ரோல் போன் அடித்தது. கன்ட்ரோலர் பேச ஆரம்பித்தார். பின்வண்டி கிளம்பிவிட்டது, சிக்னல் இப்படி, வேகம் இப்படி. சொல்லக் கற்றுக்கொண்டவர் நிறுத்த இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. வினாடி முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"சார், லைன்ல இருங்க."

"என்னது?"

ரிசீவரை மேஜைமேல் வைத்தாள். கன்ட்ரோலைக் காக்கவைத்த கார்டு அந்தப் பாதையில் அதற்கு முன் யாரும் இல்லை. மைக்கை எடுத்தாள். எட்டு ஐம்பத்தெட்டு. முள் பன்னிரண்டில். "கார்டு பேசறேன்."

கடைசிப் பெட்டியில் யாரோ விசிலடித்தார்கள். ஒருத்தி கைதட்டினாள். பைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துப் பைமேல் வைத்துக்கொண்டார்.

ஒன்பது நாலுக்கு, பின்வண்டி வந்து முட்டப்போவதைச் சொன்னாள். "பின்னாடி ஒரு வண்டி வர்றது கடைசிப் பெட்டிக்காரங்களுக்குத் தெரியும். பயப்படாதீங்க. ஒரு முட்டு முட்டும். அது விபத்து இல்ல, உதவி. எதையாவது கெட்டியா பிடிச்சுக்கோங்க."

தூறலுக்குள்ளிருந்து இரண்டு விளக்குகள் வந்தன. ஆள் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. முட்டியது. 'ஹோ' என்று பன்னிரண்டு பெட்டியும் கத்தியது, ராட்டினத்தில் கத்துவதுபோல. இணைப்பு பூட்டிக்கொண்டது. இப்போது அவள் கண்ணாடிக்கு எதிரே ஒன்றரை கஜத்தில் இன்னொரு கண்ணாடி. அதற்குப் பின்னால் ஒல்லியான, மீசை வைத்த பின்வண்டி டிரைவர். கட்டைவிரலைக் காட்டினார். இவளும் காட்டினாள்.

ஒன்பது பத்துக்கு, "இப்ப தள்ளப் போறாங்க," என்றாள்.

தள்ளினார்கள். பின்வண்டி உறுமியது. வண்டி ஒரு முழம் நகர்ந்து முனகியது. நின்றது. ஈரத் தண்டவாளத்தில் பின்வண்டியின் சக்கரங்கள் வழுக்கிச் சுழலும் கீச்சுச் சத்தம்.

மறுபடி. அதே கீச்சு.

"என் பக்கம் பிரேக் எல்லாம் எடுத்தாச்சு தங்கச்சி," என்றார் அவள் டிரைவர் வாக்கியில். "காலி வண்டிக்கு கனம் பத்தல போலிருக்கு. ஏத்தம் வேற."

போன் அடித்தது. கன்ட்ரோலர் இப்போது சுருக்கமாகப் பேசினார். "ஒன்பது இருபது வரைக்கும் பார்க்கறேன். நகரலேன்னா நாலு லைனையும் கட் பண்ணி, ஏணி போட்டு எல்லாரையும் இறக்கறோம். மேல இருந்து உத்தரவு."

"நாமளா இறக்கறது வேற, அவங்களா குதிக்கறது வேறதானே சார்?"

"ரிப்போர்ட்ல ரெண்டுக்கும் ஒரே கட்டம்தாம்மா. கால் கீழ பட்டதா, இல்லையா."

ஒன்பது பதிமூன்று. எதிர்க் கண்ணாடியில் மீசைக்காரர் உள்ளங்கைகளை விரித்து, 'என்ன விஷயம்?' என்று தலையை ஆட்டினார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அவருக்குப் பின்னால் அவர் கேபின் தெரிந்தது. அச்சாக அவள் கேபின்தான். அதே மேஜை, அதே விளக்கு, அதே ஓரத்தில் அதே இரும்புச் சக்கரம். அதன்மேல் சொட்டச் சொட்ட ஒரு மழைக்கோட்டு.

இவரும் நம்ம ஜாதிதான், மாட்ட இடமில்லாத ஜாதி, என்று நினைத்தாள். சிரிப்புகூட வந்தது.

பாதியில் சிரிப்பு உறைந்தது.

திரும்பினாள். தன் கோட்டைப் பிடித்து இழுத்தாள். கீழே சக்கரம். சக்கரத்துக்குப் பக்கத்தில், கட்டியிருக்கிறது என்று காட்டும் சிவப்புக் குறி, நாற்பது நிமிடமாக ஒரு துணிக்குப் பின்னால் கண் திறந்து காத்திருந்தது.

பதினொரு சுற்று. இம்முறை எதிர்ப்பக்கம். உள்ளங்கைத் தோல் உரிந்ததை அவள் அப்புறம்தான் கவனித்தாள். பெட்டிக்கு அடியில் எதுவோ 'டங்' என்று விட்டது.

"அண்ணே. என் கை பிரேக்."

"நானும் கேட்கல பாரு," என்றார் டிரைவர். "இருபத்தாறு வருஷம். தினமும் கேட்பேன். இன்னிக்கு மானத்தைப் பத்தி யோசிச்சிட்டிருந்தேன்."

கன்ட்ரோலருக்குச் சொன்னாள். அவர் 'அட ராமா' என்று முனகியது அவளுக்குக் கேட்டது. ஒன்பது பதினைந்தரை.

"சரி, விடுங்க. இப்ப தள்ளச் சொல்றேன். மைக்ல இதையெல்லாம் சொல்லிட்டிருக்காதீங்க. தொழில்நுட்பக் கோளாறு, சரியாயிடுச்சுன்னு போடுங்க. பச்சைப் பொத்தான் எதுக்கு இருக்கு?"

அவர் சொன்னதில் தப்பில்லை. யாருக்கும் தெரியப் போவதில்லை. நாற்பத்தைந்து நிமிடம் வியர்வையில் நின்றவர்களிடம், நாலு நிமிடமாக உங்களைப் பிடித்து வைத்திருந்தது நான்தான் என்று சொன்னால், ஒரே ஒருவருக்குக் கோபம் தலைக்கேறினால் போதும். கையகல ஜன்னலில் பைக்காரரின் முகம் தெரிந்தது. இரண்டு தடவை தள்ளி நகராததில் அவர் கை மறுபடி கைப்பிடிக்குப் போயிருந்தது. கடிகாரத்துக்குக் கீழே நிற்கிற முகம். அந்த முகத்தை அவளுக்கு வீட்டிலிருந்தே தெரியும்.

ஒன்பது பதினாறு.

"கார்டு பேசறேன். ரெண்டு தடவை தள்ளியும் வண்டி நகரல. காரணம் கண்டுபிடிச்சாச்சு. காரணம் நான்தான். ஏத்தத்துல நின்னதும் என் கேபின்ல இருக்கற கை பிரேக்கைக் கட்டினேன். கட்டணும், அதான் முறை. அப்புறம் அதுமேலயே மழைக்கோட்டை மாட்டிட்டு, பிரேக் இருக்கறதையே மறந்துட்டேன். பின்னாடி வண்டி பாவம், என் கோட்டோட மல்லுக்கட்டிட்டு இருந்திருக்கு. இப்ப எடுத்துட்டேன். மன்னிச்சுக்கோங்க. பிடிச்சுக்கோங்க, தள்ளப் போறாங்க."

அடுத்த இரண்டு வினாடியில் அவள் பார்சல் ஆபீஸை முழுதாகப் பார்த்தாள்: மூட்டை, தராசு, ஜன்னலில்லாத சுவர்.

முதலில் சிரித்தவர் பைக்காரர். வயிற்றிலிருந்து வெடித்த சிரிப்பு. "கோட்டு!" என்றார். "அம்மா, என் பொண்டாட்டி தேவலாம்மா! கண்ணாடியை நெத்தியில வச்சுக்கிட்டு வீடு பூரா தேடுவா!" கடைசிப் பெட்டி சிரித்தது. அடுத்த பெட்டி சிரித்தது. சிரிப்பு பெட்டி பெட்டியாக முன்னால் போனது.

"தங்கச்சி," என்றார் டிரைவர், "என்ன பண்ணினே? என் முதுகுப் பக்கம் கூத்தா இருக்கு."

பின்வண்டி உறுமியது. கீச்சு இல்லை. ஒரு முழம். இரண்டு முழம். தூண் ஒன்று ஜன்னலைத் தாண்டிப் போனது. அடுத்தது அதைவிட வேகமாக. பன்னிரண்டு செத்த பெட்டிகளும் பன்னிரண்டு காலிப் பெட்டிகளும் சேர்ந்து ஏற்றத்தில் ஏறின. பாலத்தில் சக்கரங்கள் தடதடத்தபோது வண்டி முழுவதும் கைதட்டல். எதிர்க் கண்ணாடியில் மீசைக்காரர் தன் கோட்டை எடுத்துத் தலைக்கு மேல் வீசிக் காட்டினார். பக்கத்துப் பாதையில் ஒரு வண்டி முழு வேகத்தில் எதிர்த்திசையில் ஓடியது. பிறகு இன்னொன்று. நாலு பாதையிலும் மின்சாரம் இருந்தது.

ஒன்பது இருபத்திரண்டுக்கு அவள் பேசியே ஆகவேண்டும். மைக்கை எடுத்தாள். சொல்ல ஒன்றும் தோன்றவில்லை.

"ஓடிட்டிருக்கோம்," என்றாள்.

ஒன்பது இருபத்தேழுக்கு ஸ்டேஷன். கதவுகள் திறந்தன. தொள்ளாயிரம் பேரும் பிளாட்பாரத்தில் கால் வைத்தார்கள். வேறு எங்கேயும் வைக்கவில்லை. பைக்காரர் கேபினுக்கு வெளியே நின்றார்.

"நாளைக்கும் இந்த வண்டிதானே?"

"இந்த வண்டிதான்."

"கோட்டைப் பத்திரமா வச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு நொண்டாமல் நடந்து போனார்.

மேலதிகாரி படிக்கட்டுப் பக்கம் காத்திருந்தார். அவர் கையில் ரிப்போர்ட் படிவம்.

"எத்தனை பேர் கீழ இறங்கினாங்க?"

"யாருமில்ல சார்."

"நாற்பத்தாறு நிமிஷம். ஒருத்தர்கூட இல்ல." அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டார். பேனாவை எடுக்காமல், அதை இன்னொரு தடவை அழுத்தி எழுதினார். "கை பிரேக்குக்கு விளக்கம் எழுதிக் கொடுங்க."

"எழுதறேன் சார். எப்ப வேணும்?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னிரண்டரைக்கு," என்றார். "ஒன்பது ஐம்பத்தெட்டு வண்டியை முடிச்சிட்டு வந்து கொடுங்க. அதுக்கு கார்டு நீங்கதான்."

விளக்கம் அரைப் பக்கம்தான். நடந்ததை நடந்தபடி எழுதினாள். கடைசி வரியில் கொக்கி என்று எழுதி அடிக்கோடிட்டாள்.

மூன்றாவது வாரம் ஒரு காலை கேபினுக்குள் ஏறினாள். மைக்குக்குப் பக்கத்தில் பச்சைப் பொத்தானை மறைத்து ஓர் அட்டை ஒட்டியிருந்தார்கள். 'வண்டி நின்றால் ஆறு நிமிடத்துக்கு ஒரு தடவை பேசவும். சேதி இல்லாவிட்டாலும்.' கீழே கன்ட்ரோலரின் கையெழுத்து. கதவுக்குப் பின்னால், தலை உயரத்தில், இரண்டு திருகாணி போட்டு ஒரு புத்தம் புதிய கொக்கி. அந்த டெப்போவின் நாற்பத்தெட்டு கேபினிலும் அன்று ஒன்று இருந்தது.

கோட்டை மாட்டினாள். எட்டி நின்று பார்த்தாள். பிறகு கை பிரேக்கைத் தொட்டுப் பார்த்தாள். தளர்வாக இருந்தது. புறப்படலாம் என்று டிரைவருக்கு மணியடித்தாள்.